கீழ்த் தகடு வந்துவிட்டது, சம்பந்தி!

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் வீட்டுக்கு மருமகளாக வரவிருக்கும் பெண்ணின் தகப்பன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் கை கால் முழுசாக நலமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் டிரைவிங் ஸ்கூல் கார்களும், அவற்றில் ஓட்டிப் பழகுகிறவர்களும், அவர்களுக்கு எதிரே வருகிறவர்களும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். குறையவில்லை என்றால் சொல்லுங்கள், நாற்காலிக்கு ஒரு நல்ல மெத்தை தைத்து அனுப்புகிறேன்.

நிற்க. வழக்கப்படி ‘நிற்க’ என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. காலையிலிருந்து கடைக்கும் அந்த ரோட்டு வளைவுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். விஷயம் இதுதான்: நாம் ஜெயித்துவிட்டோம். நாம் என்று ஒரு மரியாதைக்கு எழுதுகிறேன். உண்மையில் நான் ஜெயித்துவிட்டேன், நீங்கள் தோற்றுவிட்டீர்கள். ஆனால் தோற்றதில் உங்களைவிட சந்தோஷப்படுகிறவர் இருக்க மாட்டார் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

கல்யாணம் பேசி முடித்த அன்று எங்கள் வீட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நீங்கள் சொன்னது என் காதிலேயே இருக்கிறது. “எல்லாம் பிடிச்சிருக்கு சம்பந்தி. பொண்ணு தங்கம். ஒண்ணே ஒண்ணுதான், கல்யாணத்துக்கு அப்புறம் அந்த பைக் வேண்டாம். நான் காலம் பூரா கார் ஓட்டச் சொல்லித் தர்றவன். அந்த வளைவுல பைக்ல வர்றவங்களைப் பார்த்தாலே நான் பிரேக்கை மிதிச்சிடறேன்” என்றீர்கள். நானும் தலையை ஆட்டிவிட்டேன். பெண்ணைப் பெற்றவனுக்கு அந்த நேரத்தில் கழுத்து தானாக ஆடும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கதவருகே நின்றிருந்த என் மகள் வெளியே போய்ப் பைக்கைக் கழுவ ஆரம்பித்தாள். சுத்தமாக இருந்த வண்டியைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். பிறகு ஒரு துணி போட்டு மூடினாள். அவளுக்கு ரத்த வங்கியில் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். ரத்தப் பைகள் உள்ள குளிர்பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கொண்டுபோய்க் கொடுப்பவள். வங்கி வளைவுக்கு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரிகள் அந்தப் பக்கம். வளைவைத் தாண்டாமல் அந்த வேலை கிடையாது. அன்று முதல் அவள் பஸ்ஸில்தான் போய் வருகிறாள், உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொன்னாள். அவள் சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஜெயித்திருப்பேன். சும்மா இருந்துவிட்டாள். அந்த மூடிய வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்தது. சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

ஆகவே, பெண்ணை மாற்றுவதைவிட வளைவை மாற்றுவது சுலபம் என்று முடிவு செய்தேன். வளைவு என் பைக் சீட் கடை வாசலிலிருந்து தெரிகிற தூரத்தில்தான் இருக்கிறது. பக்கத்து பங்க்சர் கடைக்காரரை அழைத்துக்கொண்டு போனேன். அவரை எல்லோரும் ‘ஆணி அண்ணன்’ என்று கூப்பிடுவார்கள். அவர் கடைக்கு முன்னால் மட்டும் ரோட்டில் ஆணி அதிகம் என்று ஒரு வதந்தி உண்டு, அதை நான் நம்புவதில்லை. வளைவின் வெளிப்பக்கம் முழுக்க இடுப்பு உயரத்துக்கு இரும்புத் தகட்டுத் தடுப்பு நிற்கிறது. அது அருமையான தடுப்பு என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மாணவர் ஒருவர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்து அதில் போய் இடித்தபோது, தகடு வளைந்து காரைத் தாங்கி மறுபடி ரோட்டுக்கே திருப்பி விட்டதாம், நீங்கள் இறங்கி அவரைத் திட்டுவதற்குத் தயாராக இருந்தீர்களாம். கார்க்காரனுக்கு அது தாயின் மடிதான் சம்பந்தி. ஆனால் பைக்கில் வருகிறவன் வழுக்கி விழுந்தால் அந்தத் தகட்டில் மோதுவதே இல்லை. தரையோடு சறுக்கிக்கொண்டு தகட்டுக்குக் கீழே இருக்கிற சந்தில் நுழைகிறான். அங்கே தகட்டைத் தாங்குகிற இரும்புக் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. எந்தக் கம்பம் காரைக் காப்பாற்றுகிறதோ அதே கம்பத்தில் இவன் தலையோ விலாவோ போய் அடிக்கிறது.

இதை நான் வாயால் சொன்னபோது ஆணி அண்ணன் நம்பவில்லை. “படுத்துக் காட்டவா?” என்று அவரே கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் மல்லாந்து படுத்து, காலை ரோட்டில் நீட்டி, தலையைத் தகட்டுக்கு அடியில் விட்டு, கம்பத்துக்குக் கன்னத்தைக் கொடுத்து, “ஆமாய்யா, சரியா இங்கதான் வந்து முட்டுது” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பஸ் வந்தது. பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். ஒரு அம்மா அவர் காலைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்துவிட்டாள். யாரோ ஒருவர் தன் துண்டை எடுத்து அவர் மேல் போர்த்தினார். ஆணி அண்ணன் எழுந்து வரப் பார்த்தார், சட்டை ஒரு போல்ட்டில் மாட்டிக்கொண்டுவிட்டது. உள்ளேயிருந்து, “நான் சாகலைங்க, சட்டைதான் மாட்டிக்கிச்சு!” என்று கத்தினார். “பாவம், அதிர்ச்சியில என்னமோ உளர்றாரு” என்றார் கண்டக்டர். ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் அவரை விடவில்லை. “வந்துட்டு வெறும் வண்டியா திரும்பிப் போக முடியாதுங்க” என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்ததில் அடி ஒன்றும் இல்லை, ரத்த அழுத்தம்தான் எக்கச்சக்கமாக இருந்தது. வாழ்நாள் முழுக்க மாத்திரை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு நான்தான் காரணம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னால்தான் கண்டுபிடித்தார்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் சம்பந்தி, என் கைத்தொழில் எனக்கு நினைவுக்கு வந்தது. பைக் சீட் தைக்கிறவனிடம் ஸ்பாஞ்சுக்கா பஞ்சம்? அடியில் கெட்டி ஸ்பாஞ்ச், மேலே மெத்து ஸ்பாஞ்ச், அதற்கு மேல் ரெக்ஸின் என்று ஒவ்வொரு கம்பத்துக்கும் அளவெடுத்து உறை தைத்தேன். எனக்கு ஏனோதானோ என்று ஒரு தையல் போட வராது. மெரூன் கலர், ஓரத்தில் பைப்பிங் என்கிற வெள்ளைக் கரை, நடுவில் சாய்சதுரத் தையல், பின்பக்கம் இழுத்துக் கட்ட நாடா. என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “கல்யாண வேலை தலைக்கு மேல கிடக்கு, இவரு கம்பத்துக்குப் பாவாடை தைச்சிட்டிருக்காரு” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. கடைசியாக ஒவ்வொன்றின் ஓரத்திலும் கடையின் பெயரும் போன் நம்பரும் போட்ட துணி லேபிளை வைத்துத் தைத்தேன். விளம்பரத்துக்கு என்று சத்தியமாக நினைக்கவில்லை. என் மிஷினிலிருந்து எது இறங்கினாலும் கை தானாக லேபிளை எடுக்கும். எங்கள் படுக்கையறைத் தலையணையில் அது இருக்கிறது. மகளின் பள்ளிக்கூடப் பையில் இருந்தது, அதற்காக அவள் என்னோடு பேசாமல் இருந்த காலமும் உண்டு.

உறை போட்டதும் முதலில் வந்த சிக்கல், அது அளவுக்கு மீறிச் சுகமாக அமைந்துவிட்டதுதான். தடுப்புக்கு அந்தப் பக்கம் புல்தரையில் உட்கார்ந்து கம்பத்தில் சாய்ந்தால் முதுகுக்கு அவ்வளவு வாகாக இருந்தது. ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் காலையில் பேப்பர் படிக்க அங்கே வர ஆரம்பித்தார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ஸ்டாப்பை விட்டுவிட்டு இங்கே வந்து சாய்ந்துகொண்டு, பஸ்ஸைத் தவற விட்டுவிட்டு, டிரைவரைத் திட்டினார்கள். ஒரு தெருநாய் கடைசிக் கம்பத்தைத் தன் பெயருக்கு எழுதி வாங்கியது போல நடந்துகொண்டது. நான் ஒவ்வொருவரிடமும் போய், “இது உட்கார்றதுக்கு இல்லைங்க, விழறதுக்கு” என்று சொல்லிப் பார்த்தேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பிறகு ஒரு மழைநாள் காலையில் கடை போன் அடித்தது.

“ஹலோ, சீட் கடைங்களா?”

“ஆமாங்க, சொல்லுங்க. என்ன வண்டி?”

“வண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிடக்கு. நான் இந்தப் பக்கம் உங்க மெத்தையைக் கட்டிப் பிடிச்சிட்டுக் கிடக்கேன். மூஞ்சிக்கு நேரா உங்க நம்பர் இருந்துச்சு.”

“ஐயோ, அடி பட்டிருச்சா?”

“எனக்கு ஒண்ணும் இல்லைங்க. உங்க உறைதான் ஓரத்துல கொஞ்சம் கிழிஞ்சு போச்சு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். வீடு வீடாகப் பேப்பர் போடுகிறவர். அன்றைய செய்திகள் எல்லாம் ரோட்டில் நனைந்துகொண்டிருந்தன, அவர் மட்டும் காயமில்லாமல் கிழியாமல் இருந்தார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. கேக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு பெண் விழுந்தாள், கேக் அப்பளமாகிவிட்டது, அவள் எழுந்து நின்று என்னைத் திட்டினாள். கேமரா பையோடு ஒரு போட்டோக்காரர் விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே கம்பத்தைப் படம் எடுத்து அனுப்பினார். ஒருவர் மட்டும், “நான் விழலைங்க, அந்த மெரூன் கலர்ல என் வண்டிக்கும் ஒரு சீட் போடணும்” என்றார். விழாதவர்கள் இந்த நம்பருக்குக் கூப்பிடக் கூடாது என்று கண்டித்து வைத்தேன். சிரிக்கச் சிரிக்க எழுதுகிறேனே தவிர சம்பந்தி, ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் முதலில் வாசலுக்கு ஓடி வளைவைப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுத்தேன். மகள் பஸ்ஸில்தான் போகிறாள் என்று புத்திக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. இத்தனை பேர் தினமும் இங்கே விழுந்துகொண்டு இருந்திருக்கிறார்கள், என் வாசலிலேயே, நான் பைப்பிங் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன் என்று நினைத்தபோது சாப்பாடு இறங்கவில்லை.

இப்படி இருக்கும்போது சாலை அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. பொதுச் சாலைத் தடுப்பில் அனுமதி இல்லாமல் வணிக விளம்பரம் செய்த குற்றத்துக்காக உறைகளை உடனே கழற்ற வேண்டும், விசாரணைக்கு நேரில் வர வேண்டும். கல்யாண நேரத்தில் மாமனாரைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டால் மாப்பிள்ளை வீட்டுக்கு எந்த முகத்தைக் காட்டுவது என்று என் மனைவி என்னைக் கேட்டாள். உள்ளே போட்டுவிட்டால் முகத்தைக் காட்டவே வேண்டியதில்லை என்று நான் சொன்னது அவளைச் சமாதானப்படுத்தவில்லை. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். அலுவலகத்தில் ஆரஞ்சு ஜாக்கெட்டுகள் ஆணியில் தொங்கின, மூலையில் ரோட்டில் வைக்கிற கூம்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. பெரிய அதிகாரி மேஜைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் வளைவுக்குப் பொறுப்பான இன்ஜினியர் அம்மா. வயதில் என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், வெயிலில் நின்று நின்று கறுத்துப்போனவர்.

“மெத்தை தைச்சு மாட்டினது நீங்கதானா?” என்றார் அதிகாரி.

“லேபிள் இருக்குங்களே சார், இல்லைன்னு எப்படிச் சொல்றது?” என்றேன்.

இன்ஜினியர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து நேராகவே சொன்னார்: “நல்ல மனசுல தைச்சிருக்கீங்க ஐயா. மெதுவா வந்து விழறவங்களுக்கு அது உதவும். வேகமா வந்து விழுந்தா உதவாது. மழையில ஊறி ஊறி இத்துப்போச்சுன்னா யாருக்குமே உதவாது. கம்பத்துக்கு மெத்தை போட்டா போதாது. கம்பம் ஆளுக்கு எட்டவே கூடாது. இப்ப இருக்கிற தகட்டுக்குக் கீழ, தரையை ஒட்டி, முழு நீளத்துக்கும் இன்னொரு தகடு போடணும். விழுந்தவங்க உள்ள நுழைய முடியாம அது மேலயே வழுக்கிட்டுப் போயிடுவாங்க. இதை நான் எத்தனையோ தடவை எழுதி அனுப்பியாச்சு.”

“நீங்க எழுதினீங்கம்மா,” என்றார் அதிகாரி. “ஆனா அங்க பைக்ல போறவங்க யாருமே விழறதில்லைன்னுதானே நம்ம பதிவு சொல்லுது? விழாத இடத்துக்கு எதுக்குத் தகடு?”

எனக்குப் பொறுக்கவில்லை. “விழுந்தவங்க எந்திரிச்சு நொண்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடறாங்க சார். உங்க பதிவுல வந்து படுக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று ஞாபகம் வந்தது. அதிகாரி முகம் சிவந்தது. “அப்ப காட்டுங்க. யாரு விழுந்தா? எங்க?” என்றார்.

நான் அங்கேயே நின்று வீட்டுக்கு போன் போட்டேன். இங்கே உங்கள் சம்பந்தியம்மாவான என் மனைவியின் பெருமையை நான் எழுதியே ஆக வேண்டும். கம்பத்துக்குப் பாவாடை என்று ஊரெல்லாம் சிரித்தவள், விழுந்து எழுந்து போன் செய்த அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு வைத்திருந்தாள். யாருக்கு முட்டி வீங்கியது, யாருக்கு ஒத்தடம் கொடுத்தார்கள் என்பது வரை அவளுக்கு அத்துப்படி. மத்தியானத்துக்குள் அலுவலகத்தில் கூட்டம் நிரம்பிவிட்டது. பேப்பர்காரர் வந்தார். கேக் பெண் வந்தாள். போட்டோக்காரர் விழுந்த படங்களோடு வந்தார். லேபிள் வருவதற்கு முன்பு விழுந்து கால் முறிந்து போன ஒரு மேஸ்திரி, யார் சொல்லியோ கேள்விப்பட்டு ஊன்றுகோலோடு வந்து நின்றார். அவருக்கு என் மெத்தையும் கிடைக்கவில்லை, ஒன்றும் கிடைக்கவில்லை. “நான் வேகமா வரலைங்க. மணல்ல வழுக்கிருச்சு. கம்பத்துல காலு போயி அடிச்சுது, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு நாற்காலி தேடினார். அதிகாரியே எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்.

அப்போதும் அதிகாரி விடவில்லை. “இவங்க எல்லாரும் இவருக்குத் தெரிஞ்சவங்க. வெளியாள் யாராவது சொல்லட்டும்” என்றார். அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள். எனக்கு வந்த நோட்டீஸை டைப் அடித்த கிளார்க், மூலையில் கூம்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், மெதுவாகக் கையைத் தூக்கினார்.

“என்னய்யா?” என்றார் அதிகாரி.

“சார்... இந்த விளம்பரத்துல இருந்த பேரும் நம்பரும் எப்படிக் கிடைச்சுதுன்னு நீங்க என்கிட்டக் கேக்கவே இல்லை.”

“இன்ஸ்பெக்‌ஷன் போயிருப்ப.”

“இல்லை சார். ஆபீசுக்கு வர்றப்ப விழுந்துட்டேன். தடுப்புக்கு அடியில கிடந்தேன். கண்ணைத் திறந்தா எதிர்ல லேபிள். அங்க இருந்தே குறிச்சுட்டு வந்தேன் சார்.”

பிறகு இன்ஜினியர் அம்மா சிரித்த சிரிப்பில் ஆணியில் தொங்கிய ஜாக்கெட் கூட விழுந்திருக்கும். அதிகாரியும் சிரித்துவிட்டார். “உன் உயிரைக் காப்பாத்துன மெத்தைக்கா நோட்டீஸ் அடிச்ச?” என்று கேட்டார். “நீங்க அடிக்கச் சொன்னீங்க, அடிச்சேன் சார்” என்றார் கிளார்க். அங்கேயே, அந்த மேஜையிலேயே, இன்ஜினியர் அம்மாவின் பழைய கோரிக்கையை எடுத்து வைத்து அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

நேற்று வேலை முடிந்தது சம்பந்தி! வளைவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, தரையை ஒட்டி, ஒரு விரல் நுழைகிற சந்துகூட இல்லாமல், புதுத் தகடு பளபளவென்று ஓடுகிறது. ஒரு கம்பம் கண்ணில் படட்டுமே பார்க்கலாம்! இன்ஜினியர் அம்மா வெயிலில் நின்று போல்ட் போல்ட்டாகத் தட்டிப் பார்த்து வாங்கினார். மேஸ்திரி ஊன்றுகோலால் தகட்டை இரண்டு தட்டுத் தட்டி, “இது அப்பவே இருந்திருக்கலாம்” என்றார். ஆணி அண்ணன் மறுபடியும் படுத்துக் காட்டுவதாகச் சொன்னார், எல்லோரும் சேர்ந்து தடுத்துவிட்டோம். நான் ஒரு சிறிய உரை ஆற்றினேன். பெரிய உரையாகத்தான் தொடங்கினேன், பஸ் வந்துவிட்டது. உறைகளை எல்லாம் கழற்றிக் கொண்டுவந்து கடையில் வைத்திருக்கிறேன். நாய் மட்டும் தன்னுடையதைத் தர மறுத்துவிட்டது.

ஆகையால் சம்பந்தி, இனி உங்கள் நிபந்தனைக்குக் காரணம் இல்லை. காரணம் போனால் நிபந்தனையும் போக வேண்டும், அதுதானே நியாயம்? என் மகள் நீங்கள் சொன்ன சொல் மீறாமல் இவ்வளவு நாள் பஸ்ஸில் போய்க்கொண்டு, உங்கள் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறாள். அந்த வார்த்தையை நீங்கள் சொல்லிவிட வேண்டும். இதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் நான் வாக்குத் தருகிறேன்: என் குடும்பத்தில் யாராவது ஒருவர் அந்த வளைவில் விழுந்து அந்தத் தடுப்பைத் தொட்டால்கூட, அந்த நிமிஷமே வண்டிச் சாவியை உங்கள் கையில் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறோம். தைரியமாகவே தருகிறேன். ஓட்டுவது எங்கள் ரத்தத்தில் இருக்கிறது. நானே என் ஸ்கூட்டரில் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறேன், இன்றுவரை காலை ஊன்றியது கூடக் கிடையாது. கடிதத்தைத் தபாலில் போடவும் அந்த வளைவு வழியாகத்தான் போகிறேன், தகட்டை இன்னொரு தடவை பார்த்த மாதிரியும் இருக்கும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். உங்களைப் போல ஒரு பெரிய மனுஷரைச் சம்பந்தியாக அடைந்ததில் எங்களுக்குள்ள மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல முடியாது. எல்லோரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எல்லா வளைவுகளும் நம் பக்கமே திரும்ப வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு:

மாமா, வணக்கம். இதை எழுதுவது உங்கள் வருங்கால மருமகள். அப்பாவால் பேனா பிடிக்க முடியாது. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை.

இந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போனவர், வளைவில் ரோட்டைப் பார்க்காமல் தகட்டையே பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். விழுந்துவிட்டார். நேராகத் தடுப்பை நோக்கித்தான் சறுக்கினார். முன்பு கம்பம் தெரிந்த இடத்தில் தோளை முட்டி, உள்ளே போகாமல், தகட்டின் மேலேயே கடைசி வரை வழுக்கிக்கொண்டு போய், நாய்க்குப் பக்கத்தில் கிடந்தார். புதுத் தகட்டில் முதலில் விழுந்தவர் அப்பாதான். கீழே கிடந்தபடியே, “வேலை செய்யுது! வேலை செய்யுது!” என்று கத்தினார். நான் அவருக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்ததால் எல்லாவற்றையும் பார்த்தேன். இதை ஆஸ்பத்திரி பெஞ்சில் மடியில் வைத்து எழுதுகிறேன். அதனால்தான் எழுத்து கோணலாக இருக்கிறது.

எப்படிப் பின்னால் வந்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். நான் பஸ்ஸில் போகவில்லை மாமா. ஒரு நாளும் போகவில்லை. பஸ் ஸ்டாப் வரை நடப்பேன், அங்கே உங்கள் மகன் தன் பைக்கை நிறுத்திவிட்டுப் போயிருப்பார். அதில்தான் ரத்தம் கொண்டுபோய்க் கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு பைக் இருப்பதே உங்களுக்குத் தெரியாது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். அவரே சொல்லச் சொன்னார், நேரில் சொல்லப் பயமாக இருக்கிறதாம். தினமும் அப்பாவின் கடையைத் தாண்டித்தான் போனேன். ஹெல்மெட்டில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு நாள், “தம்பி, மெதுவாப் போப்பா” என்று கத்தினார். மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

உங்கள் வார்த்தைக்காக நான் காத்திருக்கவும் இல்லை. நான் வண்டி ஓட்டுவதை நிறுத்தப் போவதில்லை. கல்யாணத்துக்கு முன்பே இது உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒளித்து ஓட்டியதற்கு மட்டும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

குளிர்பெட்டி காலியாக இருந்ததால் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். என் பின்னால் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இடது கையால் என் ஜாக்கெட்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது, “நீ நல்லா ஓட்டறம்மா” என்றார்.

அப்பா வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அவர் எழுதியபடியே சாவியைக் கடித உறைக்குள் வைத்திருக்கிறேன். அது அவருடைய ஸ்கூட்டர் சாவி. அத்தையிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அப்பா எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள்.